ஐஸ் கரையும் காலமும் எங்கள் கமராக்களும்

(சங்கத்தின் மாதாந்த ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரை. வருடப்பிறப்பு மலருக்காக எழுத்து வடிவில் தரப்படுகிறது.)



படம் எடுக்கிறதைப் பற்றி ஏதாவது கதையுங்கோ என்று செயற்குழுவினர் கேட்டார்கள். கலியாண வீடு, சாமத்திய வீடு, அரங்கேற்றம் என்று எங்கட ஆக்கள் எடுக்கிற படத்துக்குக் குறைவில்லை. அதைப் பற்றிப் பேச என்னைவிடக் கெட்டிக்காரர் இந்த மண்டபத்திலேயே இருக்கிறார்கள். நான் எடுத்துக்கொண்ட விஷயம் வேறு. மார்ச் நடுப்பகுதியில் இருந்து ஏப்ரல் கடைசி வரை இந்த ஒன்ராறியோ மாகாணத்தில் ஏரிகளும் ஆறுகளும் நீர்வீழ்ச்சிகளும் ஐஸை உதறிப்போட்டு எழும்புகின்றன. அந்த ஐந்தாறு கிழமையை எப்படிப் படம் பிடிப்பது, உயிருக்கு ஆபத்தில்லாமல் எங்கே நின்று பிடிப்பது, ஏன் பிடிக்கவேணும் என்ற மூன்றையும் சொல்லப் போகிறேன்.

எங்கட வீட்டு அல்பங்களைப் புரட்டிப் பாருங்கோ. ஒக்ரோபரில் சிவந்த மேப்பிள் இலைக்கு முன்னால் ஒரு படம். ஜூலையில் வந்த விருந்தாளிகளோடு நயாகராவில் ஒரு படம். முதல் ஸ்னோ கொட்டின அன்று வாசலில் ஒரு படம். ஏப்ரல் மாதப் படம் அநேகமாக இராது. காரணம் விளங்குகிறதுதான். மரத்தில் இலை இல்லை. நிலம் முழுக்கச் சேறு. ரோட்டோரத்தில் மிஞ்சின ஸ்னோ கரி பிடித்துக் கறுத்துப் போய்க் கிடக்கும். "இதிலே என்னத்தைப் படம் எடுக்கிறது?" என்று கேட்பினம்.

ஆனால் எங்கட வருடப்பிறப்பு வருகிறது அந்த மாதத்தில்தான். ஊரில் சித்திரை என்றால் வெயில் கொளுத்தும், வேம்பு பூத்துக் கொட்டும். இங்கே சித்திரை என்றால் நாலு மாதம் கட்டுண்டு கிடந்த தண்ணீருக்கு விடுதலை. இந்த நாட்டுச் சித்திரைக்கு என்ன முகம் என்று பிள்ளைகளுக்குக் காட்ட நினைத்தால், ஏரிக்கரைக்குத்தான் கூட்டிக்கொண்டு போகவேணும்.

ஐஸ் எப்படிப் போகிறது?

முகத்தைத் தெரியாமல் கலியாண வீட்டில் படம் எடுக்க ஏலாது. அதே மாதிரி ஐஸ் எப்படிப் போகிறது என்று தெரியாமல் ஐஸைப் படம் எடுக்கவும் ஏலாது. ஆகவே முதலில் கொஞ்சம் விஞ்ஞானம்.

தண்ணீர் 4 பாகை செல்சியஸில்தான் ஆகக் கனமாக இருக்கும். அதைவிடக் குளிர்ந்தால் இலேசாகி மேலே வந்துவிடும். மேலே வந்த தண்ணீர் 0 பாகையில் உறைகிறது. அதனால்தான் ஏரி மேலிருந்து உறைகிறது. அடியில் மீன்கள் உயிரோடு இருக்கின்றன. வின்ரர் முழுக்க இந்த ஐஸுக்கு மேல் ஸ்னோ ஒரு வெள்ளைப் போர்வை மாதிரிக் கிடந்து, விழுகிற வெயிலில் பெரும் பங்கைத் திருப்பி அனுப்பிவிடும்.

மார்ச்சில் அந்தப் போர்வை உருகியதும் வெயில் ஐஸுக்குள் இறங்கத் தொடங்கும். கரையோரம்தான் முதலில் விடும். நிலம் சூடாகிறதும், ஓடைத் தண்ணீர் வந்து சேருவதும் அதற்குக் காரணம். கரைக்கும் ஐஸுக்கும் இடையில் ஒரு கறுத்த நீர்க்கோடு தெரியும். பிறகு ஐஸின் உள்ளே பளிங்குகளின் பொருத்துகள் இளகும். மெழுகுதிரிகளை நிமிர்த்தி வைத்துக் கட்டின மாதிரி ஐஸ் முழுவதும் நிலைக்குத்தான குச்சிகளாகிவிடும். இதற்குக் 'கான்டில் ஐஸ்' என்றுதான் இங்கே பெயர். இந்த நிலைக்கு வந்த ஐஸ் ஒரு அடி தடிப்பாக இருந்தாலும் அதில் பலம் இல்லை. தூரத்தில் நின்று பார்த்தால் ஏரி சாம்பல் நிறமாக, பிறகு கறுப்பாகத் தெரியும்.

கடைசியில் காற்று வரும். காலையில் ஏரி நிறையக் கிடந்த ஐஸ் பின்னேரம் பார்த்தால் இராது. காற்று மெல்ல அடிக்கிற நாளில் அந்த மெழுகுதிரிக் குச்சிகள் அலையில் ஒன்றோடொன்று உரசும். அந்தச் சத்தம் கண்ணாடி வளையல் குலுங்குகிற மாதிரி இருக்கும். அதைப் படத்தில் கொண்டுவர ஏலாது. கேட்கவென்றே ஒருக்கால் போய்வாருங்கோ.

ஆக, வெள்ளை மூடின ஏரி, கரையில் கறுத்த கோடு, சாம்பல் நிறம், மெழுகுதிரிக் குச்சி, திறந்த தண்ணீர் என்று ஐந்து கட்டம். ஐந்து கட்டத்துக்கு ஐந்து படம். ஒவ்வொரு ஞாயிறும் ஒரே இடத்துக்குப் போனால் ஐந்தும் கிடைத்துவிடும். ஒரே நாளில் ஐந்து இடத்துக்கு ஓடினால் ஒன்றுதான் கிடைக்கும்.

எங்கே போவது?

தூரம் போகத் தேவையில்லை. மார்க்கத்தில் இருப்பவர்களுக்கு ரூஜ் ஆற்றில் மில்ன் அணைக்கட்டுப் பூங்கா இருக்கிறது. பிக்கறிங் பக்கம் பிரெஞ்ச்மன்ஸ் பே இருக்கிறது. மேற்கே இருப்பவர்களுக்கு ஹை பார்க்கில் கிரனடியர் குளம். இவை ஆழம் குறைந்த நீர்நிலைகள், நன்றாக உறையும். ஒன்ராறியோ ஏரியின் கதை வேறு. அதன் ஆகக் கூடிய ஆழம் 244 மீற்றர். அவ்வளவு தண்ணீரையும் குளிர வைக்க ஒரு வின்ரர் போதாது. அதனால் அந்த ஏரி முழுவதுமாக உறைவது மிக அரிது. ஸ்காபரோ புளவ்ஸில் போய் நின்று ஐஸ் உடைகிறதைப் பார்க்கலாம் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

உண்மையான பெரிய ஐஸைப் பார்க்க விரும்பினால் வடக்கே சிம்கோ ஏரிக்குப் போங்கோ. ஒரு மணித்தியால ஓட்டம். 722 சதுர கிலோமீற்றர் பரப்பு. வின்ரரில் ஐஸின் மேல் சிறு குடில்களை வைத்து, துளை போட்டு மீன் பிடிப்பார்கள். மார்ச் மாதத்தில் குறித்த தவணைக்குள் அந்தக் குடில்களை அகற்றிவிடவேணும் என்பது சட்டம். குடில்கள் போனபின் வெறும் ஐஸ் மட்டும் கிடக்கிற அந்த ஏரி, சந்தை கலைந்த வெளி மாதிரி இருக்கும். படத்துக்கு அதைவிட நல்ல நேரம் இல்லை. சில வருஷம் வருடப்பிறப்பு அன்றும் அங்கே ஐஸ் கிடக்கும். சில வருஷம் அதற்கு முந்தியே போய்விடும்.

நீர்வீழ்ச்சிக்கு ஹமில்ரன். நயாகரா மலைச்சரிவு அந்த நகரத்தின் ஊடாகப் போவதால் அங்கே 100க்கும் மேற்பட்ட நீர்வீழ்ச்சிகள் இருக்கின்றன. வெப்ஸ்ரர் நீர்வீழ்ச்சி 22 மீற்றர், ரியூஸ் நீர்வீழ்ச்சி 41 மீற்றர். இவை சிறு ஓடைகளால் விழுகிறவை. ஓகஸ்ரில் போனால் சிலவற்றில் நூல் மாதிரித்தான் தண்ணீர் வடியும். இவற்றின் உண்மையான உருவம் ஏப்ரலில்தான் தெரியும். வன்னியில் இருந்தவர்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. மாரியில் இரணைமடு வான் பாயுது என்று கேள்விப்பட்டால் சைக்கிளிலும் உழவு இயந்திரத்திலும் ஏறிப் பார்க்கப் போனவர்கள் நாங்கள். இங்கே மாரி மழைக்குப் பதிலாக, நாலு மாதத்து ஸ்னோ ஒரேயடியாக உருகிப் பாய்கிறது. அதே மண் நிறத் தண்ணீர், அதே இரைச்சல். இந்த இரண்டு நீர்வீழ்ச்சிகளுக்கும் முன்பதிவு செய்துதான் போகவேணும், வெளிக்கிட முதல் அதைப் பாருங்கோ.

நயாகராவைப் பற்றிச் சொல்லாமல் விட ஏலாது. அங்கே விழுகிற தண்ணீரின் அளவைக் கனடாவும் அமெரிக்காவும் 1950ஆம் ஆண்டு செய்த ஒப்பந்தம் தீர்மானிக்கிறது. மின்சாரத்துக்கு எடுத்தது போக, ஏப்ரல் 1 தொடக்கம் பார்வையாளர் காலத்தில் பகல் வேளையில் செக்கனுக்கு ஆகக் குறைந்தது 2,832 கனமீற்றர் விழவேணும். மற்ற நேரங்களில் அதில் அரைவாசி போதும். ஆகவே மார்ச் 31இல் எடுத்த படத்தையும் ஏப்ரல் 1இல் எடுத்த படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும்.

மேலே ஈரி ஏரியின் வாசலில், பஃபலோ நகரத்துக்குப் பக்கத்தில், 1964ஆம் ஆண்டு தொடக்கம் ஒவ்வொரு வின்ரரிலும் ஏறக்குறைய 2.7 கிலோமீற்றர் நீளத்துக்கு ஒரு மிதக்கும் தடுப்பைப் போடுகிறார்கள். ஏரி ஐஸ் ஆற்றுக்குள் புகுந்து மின்நிலையங்களை அடைக்காமல் இருக்கத்தான் அது. வசந்தத்தில் ஐஸ் போதிய அளவு குறைந்ததும் எடுத்துவிடுவார்கள். அதன்பின் மிஞ்சின ஐஸ் பாளங்கள் ஆற்றோடு இறங்கி வந்து விளிம்பில் புரண்டு விழும். ஏப்ரலில் நயாகராவுக்குப் போகிறவர்களுக்குக் கிடைக்கிற காட்சி அது.

இந்தத் தடுப்பு இல்லாத காலத்தில் என்ன நடந்தது என்றும் கேளுங்கோ. 1848ஆம் ஆண்டு மார்ச் 29 இரவு, காற்று தள்ளிக்கொண்டு வந்த ஐஸ் ஆற்றின் வாசலை அடைத்துவிட்டது. நயாகரா நின்றுபோனது. இரைச்சல் அடங்கியதால் சனங்கள் நித்திரையில் இருந்து எழும்பினார்கள் என்று சொல்லுவார்கள். ஏறக்குறைய 30 மணித்தியாலம் ஆற்றுப் படுக்கை காய்ந்து கிடந்தது. சிலர் தேவாலயத்துக்கு ஓடினார்கள். சிலர் ஆற்றுக்குள் இறங்கி 1812 யுத்தத்தின் வாள்களையும் துப்பாக்கிக் கத்திகளையும் பொறுக்கினார்கள். பிறகு ஐஸ் விட்டது, தண்ணீர் இரைந்துகொண்டு வந்தது.

கமராவை எப்படிப் பிடிப்பது?

விலை கூடின கமரா வேணும் என்று நினைத்து ஒருவரும் பின்வாங்க வேண்டாம். கையில் இருக்கிற செல்போன் போதும். ஆனால் கமரா என்ன செய்கிறது என்று தெரிந்திருக்கவேணும்.

முதலாவது, வெளிச்சம். கமராவின் வெளிச்சமானி எதைப் பார்த்தாலும் நடுத்தரமான சாம்பல் நிறம் என்றே எடுத்துக்கொள்ளும். அதுக்கு முன்னால் வெள்ளை ஐஸை வைத்தால், "இது மிதமிஞ்சின வெளிச்சம்" என்று குறைத்துவிடும். படம் மங்கலாக, அழுக்கு வேட்டி நிறத்தில் வரும். ஆகவே நாங்கள் கூட்டிக் கொடுக்கவேணும். கமராவில் +1 இலிருந்து +2 வரை வையுங்கோ. செல்போனில் ஐஸின் மேல் விரலால் தொட்டு, வருகிற சூரியக் குறியை மேலே தள்ளுங்கோ. வெள்ளை வெள்ளையாக வரும். ஏரி கறுத்துப்போன பிறகு இது தேவையில்லை, கூட்டினதை எடுத்துவிடுங்கோ.

இரண்டாவது, நேரம். ஏரிக்குக் காலை வெயில். ஏப்ரல் நடுப்பகுதியில் ரொறன்ரோவில் ஆறரை மணி கழிந்து சூரியன் எழும்பும். பக்கத்தில் இருந்து சரிந்து விழுகிற அந்த வெயிலில்தான் ஐஸின் வெடிப்பும் மெழுகுதிரிக் குச்சியும் நிழலோடு தெரியும். பன்னிரண்டு மணி வெயிலில் எல்லாம் தட்டையாகிவிடும். நீர்வீழ்ச்சிக்கு நேர்மாறு. மப்பும் மந்தாரமுமான நாள் நல்லது. வெயில் நாளில் நுரையின் வெள்ளையும் பாறை நிழலின் கறுப்பும் ஒரே படத்தில் அடங்காது.

மூன்றாவது, ஷட்டர் வேகம். செக்கனில் 500இல் ஒரு பங்கு, 1000இல் ஒரு பங்கு என்று வைத்தால் துளிகள் அந்தரத்தில் நிற்கும். அரைச் செக்கன், ஒரு செக்கன் என்று வைத்தால் தண்ணீர் பட்டு மாதிரி வழியும். இதுக்கு முக்காலி கட்டாயம். முக்காலி இல்லாவிட்டால் கற்பாறையில் ஒரு துணிப்பையை மடித்து வைத்து அதன்மேல் கமராவை வையுங்கோ. ஐஎஸ்ஓவை 100க்குக் குறையுங்கோ. வெளிச்சம் இன்னும் கூடினால் லென்ஸுக்கு முன்னால் கறுத்த பில்ரர் போடவேணும்.

ஐஸ் கரைகிற காலத்தில் இந்த அரைச் செக்கனுக்கு ஒரு தனிப் பயன் உண்டு. பாறையில் தொங்குகிற ஐஸ் அசையாது, அது கூர்மையாக விழும். அதன் நடுவே ஓடுகிற தண்ணீர் மட்டும் கலங்கி வரும். நிற்கிறதும் ஓடுகிறதும் ஒரே படத்தில் பக்கத்துப் பக்கத்தில் தெரியும். வேறு எந்த மாதத்திலும் அந்தப் படம் கிடைக்காது. ஆனால் பத்துச் செக்கன், இருபது செக்கன் என்று நீட்டாதேங்கோ. தண்ணீர் புகையாகிவிடும். அதன் வேகமும் மண் நிறமும் தெரியாமல் போய்விடும். ஏப்ரல் தண்ணீர் மண் நிறமானது. பிறகு கொம்பியூட்டரில் போட்டு அதை வெள்ளையாக்கினால், படம் வடிவாக இருக்கும், ஆனால் அது ஏப்ரல் படமாக இராது.

கடைசியாகச் சில கைப்பழக்கங்கள். குளிரில் பற்றறி கெதியாக இறங்கும், மேலதிகப் பற்றறியை உள்ளுடுப்புப் பொக்கற்றில் வையுங்கோ. நீர்வீழ்ச்சியின் தூவானம் லென்ஸில் படியும், ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் துடைக்க ஒரு மெல்லிய துணி வேணும். வீட்டுக்குள் வர முதல் கமராவைப் பிளாஸ்ரிக் பையில் போட்டு இறுக்கக் கட்டுங்கோ. வியர்ப்பு பைக்கு வெளியில் பிடிக்கும், கமராவுக்குள் போகாது.

கரையை விட்டு இறங்காதீர்கள்

இனி நான் சொல்லப் போகிறதை இளம் பிள்ளைகள் கவனமாகக் கேட்கவேணும். அவர்களைக் கூட்டிக்கொண்டு போகிற தாய் தகப்பனும் கேட்கவேணும்.

நாங்கள் ஐஸ் இல்லாத நாட்டில் இருந்து வந்தவர்கள். குளத்தின் ஆழத்தைப் பார்த்துச் சொல்ல எங்கட பெரியவர்களுக்குத் தெரியும். ஐஸின் பலத்தைப் பார்த்துச் சொல்ல எங்களுக்கு ஒருவரும் பழக்கவில்லை. ஜனவரியில் ஆக்கள் நடந்து திரிந்த அதே ஏரிதானே என்று மார்ச்சில் காலை வைத்தால், அது அதே ஐஸ் இல்லை. தெளிந்த நீல ஐஸின் பலத்தில் அரைவாசிதான் வெள்ளை ஐஸுக்கு உண்டு. சாம்பல் நிறம் கண்டால் உள்ளே தண்ணீர் இருக்கிறது என்று பொருள். கரைகிற காலத்தில் இத்தனை அங்குலம் இருந்தால் இறங்கலாம் என்று ஒரு கணக்கு இல்லவே இல்லை.

நயாகராவில் நடந்ததைச் சொல்லுகிறேன். நீர்வீழ்ச்சிக்குக் கீழே ஆற்றின் குறுக்கே வின்ரரில் ஐஸ் சேர்ந்து ஒரு பாலம் மாதிரி நிற்கும். ஒரு காலத்தில் சனங்கள் அதன்மேல் நடந்து திரிவது பெரிய களியாட்டம். பலகைக் குடில் போட்டுக் குடிவகை விற்றார்கள். ஐஸில் நிற்க வைத்துப் படமும் எடுத்துக் கொடுத்தார்கள். 1912ஆம் ஆண்டு பெப்ரவரி 4ஆம் திகதி, ஒரு ஞாயிற்றுக்கிழமை, அந்த ஐஸ் விட்டுக்கொண்டு ஆற்றோடு போனது. ரொறன்ரோவைச் சேர்ந்த ஒரு கணவனும் மனைவியும், அவர்களுக்கு உதவி செய்யத் திரும்பிப் போன 17 வயதுப் பையன் ஒருவனும் இறந்துபோனார்கள். அதன்பின் ஐஸ் பாலத்தில் ஏறுவது தடை செய்யப்பட்டது.

நீர்வீழ்ச்சியின் விளிம்பும் அப்படித்தான். மலைச்சரிவில் மேலே வலிய பாறை, கீழே மெல்லிய களிப்பாறை. இரவில் தண்ணீர் வெடிப்புக்குள் உறைந்து பாறையைத் தள்ளும், பகலில் உருகிப் பிடியை விடும். ஆகவே ஏப்ரலில் கல் விழும், மேலே தொங்குகிற ஐஸ் தூணும் விழும். நீர்வீழ்ச்சிக்குக் கீழே போய் நின்று அண்ணாந்து படம் எடுக்க இது காலம் இல்லை. ஹமில்ரனில் அல்பியன் நீர்வீழ்ச்சியில் விபத்துகள் நடந்ததால் 2017இல் மாநகரசபை வேலி போட்டது. அந்த வேலிக்கு மேலால் ஏறி எடுக்கிற எந்தப் படமும் ஒரு பிள்ளையின் உயிருக்கு ஈடாகாது.

கரையிலும் கண் இருக்கவேணும். 2019ஆம் ஆண்டு பெப்ரவரி 24இல் போட் ஈரிப் பக்கம் புயல்காற்று ஈரி ஏரியின் ஐஸை மதிலுக்கு மேலால் தள்ளிக் கரையில் குவித்தது. பெருங்காற்று அறிவித்த நாளில் தண்ணீரோரத்தை விட்டுத் தள்ளி நில்லுங்கோ.

ஆராவது விழுந்துவிட்டால்? மனிற்றோபாப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிறெக்ற் குளிர்ந்த தண்ணீரைப் பற்றி ஒரு கணக்குச் சொல்லுவார்: ஒன்று, பத்து, ஒன்று. முதல் ஒரு நிமிஷம் மூச்சு வாங்கும், பதறாமல் அதை அடக்கவேணும். அடுத்த பத்து நிமிஷம்தான் கையும் காலும் சொன்னது கேட்கும், அதற்குள் வெளியில் வரவேணும். ஒரு மணித்தியாலம் வரை நினைவு இருக்கும். வந்த பக்கமாகவே திரும்புங்கோ, உங்களை அது வரைக்கும் தாங்கின ஐஸ் அதுதான். கைகளை ஐஸில் நீட்டி, நீந்துகிற மாதிரிக் காலை அடித்து ஏறுங்கோ. ஏறினதும் எழும்பி நிற்கக்கூடாது, உருண்டு வரவேணும். கரையில் நிற்கிறவர் இறங்கக்கூடாது. 911க்கு அடியுங்கோ. கயிறோ, தடியோ, சால்வையோ எறியுங்கோ.

ஏன் எடுக்கவேணும்?

"இவ்வளவு கரைச்சல் பட்டு ஐஸ் உருகிறதை ஏன் படம் எடுக்கவேணும்?" என்று கேட்டால், இரண்டு விஷயம் சொல்லுவேன்.

யப்பானில் சுவா என்று ஒரு ஏரி. அது உறைந்து, ஐஸில் வெடிப்பு விழுந்து, வரப்பு மாதிரி மேலே எழும்பும். ஆண் தெய்வம் அக்கரையில் இருக்கிற பெண் தெய்வத்தைப் பார்க்க நடந்துபோன தடம் அது என்பது அந்த ஊர் நம்பிக்கை. அங்கத்தைய கோயில் குருமார் அது நடந்த நாளை 1443ஆம் ஆண்டு தொடக்கம் எழுதி வருகிறார்கள். பின்லாந்துக்கும் சுவீடனுக்கும் இடையில் ஓடுகிற ரோர்ன் ஆற்றில் ஐஸ் உடைகிற நாள் 1693 தொடக்கம் பதிவில் இருக்கிறது. அலாஸ்காவில் நெனானா என்ற ஊரில், ஐஸ் எந்த நாள் எந்த நிமிஷம் உடையும் என்று 1917 தொடக்கம் பந்தயம் கட்டுகிறார்கள்.

கோயில் ஐயர்மாரும் வியாபாரிகளும் பந்தயக்காரரும் எழுதி வைத்த இப்படியான கணக்குகளைச் சேர்த்துத்தான் ஜோன் மக்னசன் என்ற ஆராய்ச்சியாளரும் அவரோடு சேர்ந்தவர்களும் 2000ஆம் ஆண்டு ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். 1846 முதல் 1995 வரையான காலத்தில், ஐஸ் பிடிக்கிற நாள் நூறு வருஷத்துக்கு 5.8 நாள் பிந்தியும், ஐஸ் உடைகிற நாள் 6.5 நாள் முந்தியும் போயிருக்கிறது என்று கண்டார்கள். உலகம் சூடாகிறதற்கு அது ஒரு சாட்சி. சாட்சி சொன்னவர்கள் பெரிய படிப்புப் படித்தவர்கள் இல்லை. ஒரே கரையில் நின்று பார்த்து, திகதி போட்டு வைத்தவர்கள்.

இரண்டாவது விஷயம் எங்களைப் பற்றியது. இந்த மண்டபத்தில் இருக்கிற எத்தனை பேரிடம் தங்கட சின்ன வயதுப் படம் ஒன்றாவது இருக்கிறது? இடம்பெயர்ந்து வெளிக்கிட்டபோது காணி உறுதியையும் அடையாள அட்டையையும் எடுத்தோம். அல்பத்தை எடுக்க ஆருக்கு நேரம் இருந்தது? மிஞ்சின ஒன்றிரண்டு படத்திலும் பின்பக்கம் திகதி இல்லை. இது எந்த வருஷம், இந்தக் கிணறு ஆற்றை வளவு என்று கேட்டுச் சொல்ல ஆளும் இல்லை. திகதி இல்லாத படத்தின் அருமை குறைந்துபோகும் என்பதை எங்களைவிட ஆர் அறிவார்கள்?

கனடாவில் எடுக்கப்பட்ட படங்களில் இன்று அறியப்பட்டவற்றுள் ஆகப் பழையது எது தெரியுமோ? இங்கிலாந்தில் இருந்து வந்த ஹியூ லீ பற்றின்சன் என்ற இரசாயனவியலாளர் 1840இல் நயாகராவைப் பிடித்த படம். வெள்ளி பூசின தகட்டில் பிடித்தது. அதில் ஒரு ஓரமாக, கரையில், தொப்பி போட்ட ஒரு மனிதர் சிறிதாகத் தெரிகிறார். அந்த மனிதர் நிற்கிறதால்தான் நீர்வீழ்ச்சி எவ்வளவு பெரிது என்று விளங்குகிறது. படமும் வருஷமும் இடமும் எழுதி இருப்பதால் அது இன்றைக்கும் பேசுகிறது.

ஆகவே என்னுடைய வேண்டுகோள் ஒன்றுதான். வருடப்பிறப்பு அன்று மருத்துநீர் வைத்து முழுகி, பொங்கி, கோயிலுக்குப் போய், கைவிசேடமும் வாங்கின பிறகு, பிள்ளைகளைப் பக்கத்தில் இருக்கிற ஏதாவது ஒரு நீர்க்கரைக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ. ஒவ்வொரு வருஷமும் அதே கரை, அதே மரத்தடி. பிள்ளையைக் கரையில் நிறுத்தி, பின்னால் தண்ணீர் தெரிய, ஒரு படம் எடுங்கோ. முகம் மட்டும் நிறைந்த படமாக இல்லாமல், கொஞ்சம் தள்ளி நின்று எடுங்கோ. அன்றைக்கு ஐஸ் கிடக்கிறதோ, போய்விட்டதோ என்று ஒரு வரி எழுதுங்கோ. செல்போனில் திகதி தானாகப் பதியும் என்று நம்பி இருக்க வேண்டாம். வட்ஸ்அப்பில் அனுப்பினால் படத்தோடு இருந்த அந்த விபரம் போய்விடும். ஒரு பிரதி அச்சடித்து, பின்பக்கத்தில் பேனையால் திகதியும், இடமும், பிள்ளையின் பெயரும் எழுதி அல்பத்தில் வையுங்கோ.

இருபது வருஷத்தில் இருபது படம் சேரும். அதில் பிள்ளை வளர்ந்தது தெரியும். ஐஸ் எந்த வருஷம் பிந்திப் போனது, எந்த வருஷம் முந்திப் போனது என்பதும் தெரியும். ஊரில் இத்தனையாம் ஆண்டு வெள்ளம், இத்தனையாம் ஆண்டு சூறாவளி என்று எங்கட அப்பு ஆச்சிமார் விரல் மடித்துச் சொன்ன மாதிரி, இந்த மண்ணைப் பற்றிச் சொல்ல எங்கட பிள்ளைகளுக்கும் ஒரு கணக்கு இருக்கும்.